டீசல் வண்டியில் பெட்ரோல் அடித்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. டீசல் வண்டியில் பெட்ரோல் அடித்துவிட்டு வந்தவர்களை இந்தக் காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்), லாரி ஓட்டுநர், வாத்தியார், கடைக்காரர் என்று எல்லாரும் உண்டு. வந்து இறங்கியதும் பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் பேச்சு, "அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்பதுதான்.

அந்தப் பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வண்டியைக் கெடுப்பது பெட்ரோல் மட்டுமல்ல, அந்த வெட்கமும்தான்.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். பல வருடம் சாகா என்ற பெட்ரோல் கார் ஓட்டிய மண்டோர் ஒருவர் பழைய ஹைலக்ஸ் டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சம்பள நாள், எண்ணெய் நிலையத்தில் நல்ல கூட்டம். கவுண்டரில் காசு கட்டிவிட்டு வந்தவரின் கை பழக்கதோஷத்தில் பெட்ரோல் குழாயின் மஞ்சள் பிடிக்குப் போய்விட்டது. முப்பது லிட்டர் இறங்கிய பிறகுதான் கவனித்திருக்கிறார். பின்னால் நின்றவர் ஹார்ன் அடிக்க, பதற்றத்தில் வண்டியை எடுத்துவிட்டார். "பக்கத்துலதானே வீடு, போய்ப் பாத்துக்கலாம்னு நினைச்சேன் அண்ணே" என்றார்.

வண்டியும் உடனே நிற்கவில்லை. குழாயிலும் ஃபில்டரிலும் பழைய டீசல் மிச்சமிருக்கும், அது தீரும்வரை ஒழுங்காகவே ஓடும். ஒன்றும் ஆகவில்லை என்று பலர் ஏமாந்துபோவது அந்தச் சில நிமிடத்தில்தான். லிந்தாங் சாலையில் போகும்போது உதறி, இழுவை குறைந்து நின்றுவிட்டது. அவர் மூன்று நான்கு முறை ஸ்டார்ட் அடித்துப் பார்த்திருக்கிறார். ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். வெள்ளிப் பொடி தூவியதுபோல் மின்னியது. அது வண்டிக்குள் இருக்கும் டீசல் பம்ப் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகள். பம்ப், டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர், குழாய்கள் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் ஒரு பழைய மைவி கார் வாங்கியிருக்கலாம். பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுக்க வைத்திருந்த காசும் அதில் போனது. அவர் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இன்னொருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவரின் டிரைட்டன் டீசல் பிக்கப்பை ஓட்டிவந்து, நாற்பது லிட்டர் பெட்ரோல் அடித்துவிட்டார். ஆனால் சாவியைத் தொடவே இல்லை. நேராகக் கவுண்டருக்குப் போய், "தப்பா அடிச்சிட்டேன், வண்டிய எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நிலையத்துப் பையன்கள் அந்தப் பம்ப்பை மூடி கூம்பு வைத்தார்கள். இழுவை லாரி வந்தது. தொட்டியை வடித்து, குழாயைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டு, புது டீசல் ஊற்றினேன். அரை நாள் வேலை, சில நூறு வெள்ளி (ரிங்கிட்). மண்டோர் செய்த அதே தவறுதான், அவரைவிடப் பத்து லிட்டர் அதிகமும்கூட.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பெட்ரோல் இயந்திரத்தில் பிளக் தீப்பொறி போட்டால்தான் எரியும். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோலையோ அழுத்தத்தில் தானாகப் பற்றாதபடிதான் தயாரிக்கிறார்கள், ரோன் 95 என்று எழுதியிருக்கும் எண் அதைத்தான் காட்டுகிறது. இரண்டும் நேர் எதிர்க் குணம். அதைவிட முக்கியம், டீசலுக்கு வழவழப்பு உண்டு. நம் ஊர் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலும் கலந்திருக்கிறது, அதுவும் வழவழப்புக்கு நல்லது. டீசல் பம்ப்புக்குத் தனியாக எண்ணெய் போடுவதில்லை, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடும். இரும்பும் இரும்பும் உரசும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இப்போதைய காமன் ரயில் வண்டிகளில் அழுத்தம் ஏறக்குறைய 2,000 பார் வரை போகும். உங்கள் டயருக்குள் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான். அந்த அழுத்தத்தில் மசகில்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால், தவறு நடந்ததும் சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் 'ஓன்' வரைக்கும்கூடத் திருப்ப வேண்டாம். சில வண்டிகளில் அதற்கே தொட்டிக்குள் இருக்கும் மோட்டார் ஓடி, பெட்ரோலைக் குழாய்க்குள் தள்ளிவிடும். கவுண்டரில் சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. தள்ளுவதாக இருந்தால் நியூட்ரலில் போட்டு நாலைந்து பேரைக் கூப்பிடுங்கள், பிக்கப் கனமான வண்டி. ஆட்டோ கியர் நகரவில்லை என்றால் முறுக்காமல் இழுவை லாரிக்காரரிடம் விடுங்கள். முழுக் காப்புறுதி எடுத்த பலருக்கு இழுவைச் சேவையும் சேர்ந்தே இருக்கிறது. அந்த எண்ணை இன்றைக்கே கைப்பேசியில் போட்டு வையுங்கள். ஓடும்போதுதான் தெரிந்தது என்றால், ஓரம் கட்டி உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள். மறுபடி முயன்று பார்க்கவே வேண்டாம்.

"பாதித் தொட்டி பெட்ரோல்தான் அண்ணே, மேல டீசல் ஊத்திக் கலந்துட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறிய பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. 80 லிட்டர் தொட்டியைக் கொட்டிவிட யாருக்கு மனம் வரும், எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்துப் பழைய டீசல் இயந்திரம் கொஞ்சம் தாங்கியிருக்கலாம். இப்போதைய வண்டி தாங்காது. தயவுசெய்து கலக்காதீர்கள்.

பெட்ரோல் காரில் டீசல் போவது குறைவு. டீசல் குழாயின் முனை தடிமன், புதிய கார்களின் வாயில் நுழையாது. ஆனால் கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) தொட்டியின் வாய் அகலம், எதுவும் நுழையும். தோட்டத்துக் கொட்டகையில் பெயர் எழுதாத தோம்புகளிலிருந்து (பீப்பாய்களிலிருந்து) ஊற்றுவதும் நடக்கிறது. அப்படி நடந்தால் புகை கக்கி, திக்கித் திணறி நின்றுவிடும். சீக்கிரம் வடித்து பிளக்கைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ரோன் 95 காரில் 97 ஊற்றிவிட்டேன் என்று பதறி வருபவர்களும் உண்டு. அதனால் கெடுதல் ஏதும் இல்லை, அப்படியே ஓட்டுங்கள்.

வண்டி மாற்றிய முதல் ஆறு மாதம்தான் ஆபத்தான காலம். அதுவும் 2025 செப்டம்பர் கடைசியில் பூடி 95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்த பிறகு பெட்ரோல் அடிக்க மைகார்டு (அடையாள அட்டை), திரை, மானியத்தில் மீதி லிட்டர் என்று கவனம் நாலு பக்கம் சிதறுகிறது. வீட்டில் டீசல் ஒன்று, பெட்ரோல் ஒன்று என இரண்டு வண்டி இருந்தால் இன்னும் சிரமம். பிடியின் நிறத்தைப் பார்ப்பதோடு அதில் உள்ள எழுத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். எரிபொருள் மூடியின் உள்பக்கம் 'டீசல்' என்று பெரிதாக ஒட்டி வையுங்கள். வண்டியை மகனிடமோ மருமகனிடமோ கொடுக்கும்போது சாவியோடு அந்த வார்த்தையையும் சொல்லிக் கொடுங்கள்.

வடித்த கலவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நீங்களே வடிக்க முயலாதீர்கள், வாயால் உறிஞ்சவே கூடாது. டீசல் பற்ற ஏறக்குறைய 60 டிகிரி சூடு வேண்டும். பெட்ரோல் கலந்துவிட்டால் நம் ஊர் நிழலிலேயே ஒரு சின்னப் பொறி போதும். "மட்டை எரிக்கக் கொஞ்சம் குடுங்கண்ணே" என்று போத்தலோடு வருபவர்களைச் ஒன்றும் கொடுக்காமல்தான் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதைச் செத்தையில் ஊற்றிப் பற்றவைப்பவர் பின்வாங்குவதற்குள் ஆவி எரிந்துவிடும். சாக்கடையில் ஊற்றினால் ஆற்றுக்குப் போகும். எங்கள் பட்டறையில் மூடியுள்ள இரும்புத் தோம்பில் சேர்த்து, கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்கள் வரும்போது கொடுத்துவிடுகிறோம்.