மூச்சுப் பரிசோதனையில் ‘நோமல்’ என்பது எது?

மட்டக்களப்பில் முட்டு, இழுப்பு என்று பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் தாய்மார், ஊதிப் பார்த்து முடிந்ததும் முதலில் கேட்பது, “டொக்டர், நோமலா?” என்றுதான். “ஓம்” என்றால் போதும், முகம் தெளிந்துவிடும்.

‘நோமல்’ என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘நோர்மா’ என்பது தச்சரின் மூலைமட்டம். அதற்குச் சரியாக நிற்பது ‘நோர்மாலிஸ்’. ‘வழக்கமானது’ என்ற பொருள் ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. மூலைமட்டம் எந்த மரத்துக்கும் ஒன்றுதான். மூச்சுக்கு அப்படி ஒரே மட்டம் கிடையாது.

மூச்சை அளக்கும் ஸ்பைரோமீற்றரைத் தமிழில் ‘மூச்சுமானி’ என்றால் யாருக்கும் விளங்கும். ஜோன் ஹட்சின்சன் 1846இல் அதை விளக்கி எழுதியபோதே, நுரையீரல் கொள்ளும் காற்று ஆளின் உயரத்தோடு கூடுகிறது என்று காட்டிவிட்டார். பிள்ளை மூக்கில் கிளிப் போட்டு, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, “ஊது, ஊது, இன்னும் ஊது” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லச் சொல்ல ஊதுகிறது. மொத்தமாக வெளிவந்த காற்று, முதல் ஒரு செக்கனில் வந்த காற்று, இரண்டும் பதிவாகும். முதல் செக்கனில் 1.2 லீற்றர் வந்தால் 115 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கு நல்ல அளவு. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதே அளவு மிகக் குறைவு.

ஆகவே அந்த ‘நோமல்’ இலக்கத்தை ‘ஒப்பீட்டுப் பெறுமானம்’ என்று சொல்வதே பொருத்தம். அதே வயது, அதே உயரம், அதே பால் கொண்ட சுகமான பிள்ளைகள் எவ்வளவு ஊதுகிறார்கள் என்பதுதான் அது. ‘இயல்பு அளவு’ என்றால், அதற்குக் கீழே வருவதெல்லாம் நோய் என்று பெற்றோர் பயந்துபோவார்கள். கீழ் எல்லையை வழக்கமாக வைப்பதே, சுகமான நூறு பிள்ளைகளில் ஐந்து பேர் அதற்குக் கீழே வரும்படிதான். முட்டுள்ள பிள்ளை நல்லாயிருக்கும் நாளில் எல்லைக்கு மேலே ஊதிவிடுவதும் உண்டு.

சரி, யாரோடு ஒப்பிடுவது? இந்த ஒப்பீட்டுப் பெறுமானத்தைக் கணிக்க 2012இல் வந்த உலகச் சூத்திரம் 3 வயது முதல் 95 வயதுவரை பொருந்தும். ஆனால் அதில் தெற்காசியருக்கென்று தனிப் பிரிவு இல்லை. 2022இன் சூத்திரம் இனப் பிரிவையே விட்டுவிட்டது. எதை எடுத்தாலும், ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி என்று நம் பள்ளிக்கூடங்களில் சுகமான பிள்ளைகளை ஊதவைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். முட்டுள்ளவர்களையும் அண்மையில் தடிமன் வந்தவர்களையும் அதில் சேர்க்கக் கூடாது. உயரத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். வாயால் கேட்டு எழுதினால், வரும் பெறுமானமே பிழைத்துவிடும்.