பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்

சோலார் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கருவி புகைந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் வாட் அல்ல. லேபிளில் அதற்குக் கீழே இருக்கும் நான்கு எண்களைப் பார்க்காமல் இணைத்துவிடுவதுதான்.

550 வாட் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லேபிளில் ஏறத்தாழ இப்படி இருக்கும்: விஓசி 49.8 வோல்ட், விஎம்பி 41.9 வோல்ட், ஐஎஸ்சி 13.9 ஆம்பியர், ஐஎம்பி 13.1 ஆம்பியர். விஓசி என்பது எதையும் இணைக்காதபோது வயர் முனைகளில் நிற்கும் மின்னழுத்தம். ஐஎஸ்சி என்பது இரு முனைகளையும் நேரடியாகச் சேர்த்தால் ஓடும் மின்னோட்டம். மற்ற இரண்டும் பேனல் முழுத்திறனில் உழைக்கும்போது கிடைப்பவை. 41.9-ஐ 13.1-ஆல் பெருக்கிப் பாருங்கள், 549 வரும். அந்த 550 வந்த வழி இதுதான்.

இவையெல்லாம் ஆய்வகத்தில் அளந்தவை: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். உச்சி வெயிலில் கூரைமேல் இருக்கும் செல் 65 டிகிரியைக்கூடத் தொடும். ஒரு டிகிரி கூடினால் திறன் சுமார் 0.35 சதவீதம் குறையும். 40 டிகிரிக்கு 14 சதவீதம் போனால் மிஞ்சுவது 473 வாட். பேனல் பழுதில்லை, அதன் இயல்பே அதுதான். கூரையை ஒட்டிப் படுக்க வைக்காமல் அடியில் காற்று புக இடம்விட்டால் சூடு கொஞ்சம் தணியும்.

சூட்டைவிடக் குளிரில்தான் கவனம் வேண்டும். செல் குளிர்ந்தால் மின்னழுத்தம் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.27 சதவீதம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவிதான் சார்ஜ் கன்ட்ரோலர். "அதிகபட்சம் 150 வோல்ட்" என்று போட்டிருக்கும் ஒன்றில் இந்தப் பேனல்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 149.4 வோல்ட். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் செல் 10 டிகிரியில் இருக்கும்போது வெயில் பட்டால் அதுவே 155 வோல்ட்டைத் தாண்டும். ஒளி குறைவாக இருந்தாலும் மின்னழுத்தம் சட்டென எழுந்துவிடும். கன்ட்ரோலர் இன்னும் மின்சாரம் இழுக்கத் தொடங்கியிருக்காது, ஆகவே முழு விஓசியும் அதன் உள்ளீட்டில் நிற்கும். "நேற்று வரை நன்றாக ஓடியது, காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கிறது" என்று சொல்லப்படும் கன்ட்ரோலர்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உங்கள் இடத்தின் மிகக் குளிர்ந்த காலைக்குக் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் இடம்விட்டு வையுங்கள்.

தொடரில் வோல்ட் கூடும், இணையில் ஆம்பியர் கூடும். கேபிளை ஐஎஸ்சியின் 1.25 மடங்குக்காவது தேர்ந்தெடுக்க வேண்டும்; இங்கே 17.4 ஆம்பியர். இன்னொன்று: தொடராக இணைத்த பேனல்களின் ஒற்றை வரிசையில் ஷார்ட் ஆனாலும் ஓடப்போவது 13.9 ஆம்பியர்தான். வழக்கமான 13.1-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை, எனவே எந்த ஃபியூஸும் போகாது. மூன்று வரிசைகளை இணையாகச் சேர்த்தால் நிலைமை வேறு: பழுதான வரிசைக்குள் மற்ற இரண்டின் மின்னோட்டமும் பாயும். அப்போது வரிசைக்கு ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

விலை குறைவென்று பிடபிள்யூஎம் என்ற எளிய வகைக் கன்ட்ரோலர் வாங்கி, இதே பேனலை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டுவார்கள். அந்த வகை, பேனலைப் பேட்டரியின் மட்டத்துக்கே இழுத்துவிடும். 13 வோல்ட், 13.9 ஆம்பியர் என்றால் சுமார் 180 வாட். மீதி வீண். இந்த அளவுப் பேனலுக்கு, பேனலை அதன் முழுத்திறன் வோல்ட்டிலேயே ஓடவிட்டுப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் எம்பிபிடி கன்ட்ரோலர்தான் வேண்டும்.

பேட்டரியில் ஆம்பியர் ஹவரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் என்றால் 1800 வாட் ஹவர், அதாவது 1.8 யூனிட். ஈய அமில பேட்டரியில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே கையில் இருப்பது 0.9 யூனிட். சி20 என்று போட்டிருந்தால் அந்த 150-ம் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் இழுத்தால்தான் கிடைக்கும். வேகமாக இழுத்தால் இன்னும் குறையும்.

பேனலிலிருந்து வருவது டிசி, அதாவது நேர்திசை மின்னோட்டம்; அந்தப் பக்கத்தில் வீட்டின் ஏசி (மாறுதிசை) மின்சாரத்துக்கான பிரேக்கரைப் போடவே கூடாது. ஏசி மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் பிரேக்கருக்குள் எழும் தீப்பொறி அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளி இல்லை. பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும், பிரேக்கரே தீப்பிடிக்கும். டிசி என்று அச்சிட்டிருக்கும், உங்கள் வரிசையின் குளிர்கால வோல்ட்டைத் தாங்கக்கூடிய பிரேக்கராகப் பாருங்கள். சில டிசி பிரேக்கர்களில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். மாற்றி மாட்டினால் அணைக்க வேண்டிய பொறியை அவற்றால் அணைக்க முடியாது.

இதே காரணத்தால், வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. முதலில் இன்வெர்ட்டரின் சுமையை நிறுத்துங்கள். அடுத்து பேனல் பக்க டிசி ஐசொலேட்டர், அதாவது இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். பேட்டரி கடைசியில். திரும்ப மாட்டும்போது பேட்டரிதான் முதலில்: அது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பல கன்ட்ரோலர்கள் அப்போதுதான் கண்டுகொள்ளும். அதன் பிறகு பேனல்.