சிவப்புக்குப் பின்னால் ஒரு கண்ணாடி

ஈரோட்டு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவிலிருந்து வந்த தம்பி என் மகனுக்கு விரல் நீளத்தில் ஒரு பொம்மை கார் வாங்கி வந்தான். என் ஸ்கூட்டியும் சிவப்பு, அதுவும் சிவப்பு. ஆனால் பொம்மையின் சிவப்பு மாதுளை முத்து மாதிரி உள்ளேயிருந்து ஒளிர்கிறது. ஸ்கூட்டியின் சிவப்பு குங்குமத்தைக் குழைத்துப் பூசியது மாதிரி இருக்கிறது. அந்த பெயின்ட்டில் அப்படி என்னதான் கலக்கிறார்கள்?”

பாதி விடையை அவரே சொல்லிவிட்டார். மாதுளை முத்தும் குங்குமமும் ஒரே நிறம்தான், ஆனால் ஒளி இரண்டிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மீதிப் பாதிக்கு அவர் அனுப்பிய படம் போதும். கூரைக்குப் பதில் கண்ணாடிக் குமிழி, பின்னால் தடித்த சக்கரங்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது: பீட்னிக் பாண்டிட்! 1968-ல் ஹாட் வீல்ஸ் பொம்மைகள் முதன்முதலில் வந்தபோது இருந்த 16 வண்டிகளில் ஒன்று. அது கற்பனை வண்டி அல்ல. அதன் அசல் இன்றும் அமெரிக்காவின் ரீனோ நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கட்டியவர் எட் ராத்.

பூர்வ கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1932-ல் ஃபோர்டு கம்பெனி சாமானியர் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் இன்ஜின் வைத்த காரை விற்றது. 65 குதிரைத்திறன். தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் அந்தப் பழைய வண்டிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, இன்ஜினைக் குடைந்து, மூரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அதுதான் ஹாட் ராட். வேகத்தைவிட அழகே பெரிதென்று நினைத்த இன்னொரு கூட்டம் கூரைத் தூண்களை அறுத்துத் தாழ்த்தி, கைப்பிடிகளைப் பிடுங்கி, ஒட்டுகளை ஈயத்தால் மூடி இழைத்தது. அது கஸ்டம் கார். (நம் பட்டறைகளில் பட்டி போடுகிற இடத்தில் அவர்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசினார்கள். 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும் அந்தக் கலவை முழுதாக உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். நடுவில் களிமண் பதம். மரக்கரண்டியால் தடவி உருவம் பிடிக்கலாம்.)

ராத் வேறு ரகம். கார் கண்காட்சிகளில் உட்கார்ந்து ஏர்பிரஷ்ஷால் பனியனில் பூதங்களை வரைந்து விற்றவர். பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, கையில் கியர் தண்டு, கீழே புகை கக்கும் கார். 1960களில் அவருடைய பச்சைப் பெருச்சாளி ‘ராட் ஃபிங்க்’ அமெரிக்கச் சிறுவர்களைப் பிடித்து ஆட்டியது. 1961-ல் முடித்த பீட்னிக் பாண்டிட்டில் ஸ்டியரிங் கிடையாது, ஒற்றைக் குச்சிதான். வரைவதற்கும் கட்டுவதற்கும் நடுவில் அவருக்குக் கோடே கிடையாது என்பது என் எண்ணம். அந்த வண்டியும் ஒரு கார்ட்டூன்தான், ஃபைபர் கிளாஸில் வரைந்தது.

இனி நிறத்துக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

ஸ்கூட்டியின் பெயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிசினுக்குள் மிதக்கும் நிறமித் துகள்கள்தான் பெயின்ட். ஒளி உள்ளே நுழைந்ததும் துகளில் மோதிச் சிதறும், அடுத்த துகளில் மோதும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம்கூடப் போகாமல் திரும்பிவிடும். திரும்புவதற்குள் பச்சையையும் நீலத்தையும் நிறமி விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் வெளியே வந்து எல்லாத் திசைக்கும் பரவுகிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே சிவப்பு. அடியில் இருப்பது இரும்பா பிளாஸ்டிக்கா என்பது ஒளிக்குத் தெரியவே தெரியாது. பெயின்ட் கம்பெனிகள் விரும்புவதும் அதைத்தான். மறைக்கத்தானே பெயின்ட்!

1950களில் கலிஃபோர்னியாவில் பட்டறை வைத்திருந்த ஜோ பெய்லானுக்கு மறைப்பதில் ஆசையில்லை. மழை நனைத்த சாலையில் முன்னால் போன காரின் பின்விளக்கைப் பார்த்தாராம், அந்தச் சிவப்பு அவரை விடவில்லையாம். விளக்கின் சிவப்பை பெயின்ட்டில் கொண்டுவர அவர் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார் என்று சொல்வார்கள். கடைசியில் கிடைத்ததற்குப் பெயர் கேண்டி ஆப்பிள் சிவப்பு. குச்சியில் செருகிய ஆப்பிளைச் சிவப்புச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்கும் அவ்வூர்த் திருவிழாப் பண்டம் அது. பாகு கண்ணாடியாய் இறுகியிருக்கும், உள்ளே ஆப்பிள் தெரியும்.

செய்முறை மூன்று அடுக்கு. முதலில் அலுமினியச் செதில்கள் கலந்த வெள்ளி அல்லது பொன்னிற அடிப்பூச்சு. அதன்மேல் சாயம் கலந்த, ஆனால் துகள் தெரியாத, ஒளி ஊடுருவும் பூச்சு, பல கோட். கடைசியாக நிறமற்ற கிளியர் கோட். நடு அடுக்கைத் தனியாகக் கண்ணாடியில் அடித்துப் பார்த்தால் ரோஸ்மில்க் டம்ளரைக் கழுவிய தண்ணீர் மாதிரிச் சோகையாகத்தான் இருக்கும். சாயமாக இருந்தால் துகளே இல்லை. நிறமியாக இருந்தாலும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு நுண்ணியதாக அரைத்திருப்பார்கள். அந்த அளவில் துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால் அது சிதறடிக்கும் ஒளி 64-ல் ஒரு பங்காக விழுந்துவிடும். சிதறல் போனால் மறைப்பும் போனது.

இப்போது ஒளியின் பயணத்தைப் பாருங்கள். வெள்ளொளி சாய அடுக்குக்குள் இறங்குகிறது. அடியிலிருக்கும் அலுமினியக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி அதே அடுக்கின் வழியாக மேலே வருகிறது. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. ஒரு கோட் பூச்சை ஒரு தடவை கடக்கையில் பச்சை ஒளியில் 70 சதவீதமும் சிவப்பில் 95 சதவீதமும் பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோட்டுக்கு இரண்டு கடப்பு: பச்சை 49, சிவப்பு 90. வெளிர் ரோஜா. நான்கு கோட்டுக்கு எட்டுக் கடப்பு: பச்சை 6 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது, சிவப்பு 66-ல் நிற்கிறது. இதுதான் மாதுளை. ஆசையில் எட்டு கோட் அடித்தால்? பச்சை அநேகமாகப் பூஜ்யம். ஆனால் சிவப்பும் 44-க்கு இறங்கி, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருண்டுவிடும்.

அதாவது இங்கே டப்பாவில் நிறமில்லை. தடிமன்தான் நிறம். அடுக்கு தடிக்கத் தடிக்க ஒளி அதே விகிதத்தில் குறைந்துகொண்டே போகும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த பியர்-லாம்பர்ட் விதியை நான் ஒரு கார் கதவில்தான் உண்மையில் புரிந்துகொண்டேன்.

இதனால் பெயின்டருக்கு வந்து சேரும் வேதனை கொஞ்சமல்ல. சாதாரண பெயின்ட்டில் ஓரிடத்தில் ஒரு கோட் அதிகமாக விழுந்தால் யாருக்கும் தெரியாது. கேண்டியில் ஸ்பிரே கன் இரண்டு முறை ஏறிய இடமெல்லாம் வரிவரியாய்க் காட்டிக்கொடுக்கும். நம் கணக்கிலேயே நான்கு கோட்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் சிவப்பு 66-லிருந்து 60-க்கு இறங்குகிறது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஓரிரு சதவீத வித்தியாசத்தையே நம் கண் பிடித்துவிடும். ஆகவே அதே தூரம், அதே வேகம், ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் மேல் சரியாகப் பாதி. கீறல் விழுந்தால் அங்கே மட்டும் டச்சப் செய்யவும் முடியாது, கதவு முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். இந்த மனிதர்களின் மணிக்கட்டு ஒரு நுண் அளவுக் கருவி. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்குச் சான்றிதழ் தருவதில்லை. பூச்சு அறிவியல் என்றாலே நம் ஆய்வு நிதிக்காரர்களுக்குத் துருவைத் தடுப்பது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு. கை அறிந்ததை அளந்து எழுதி வைக்க ஒரு சிறு தொகை ஒதுக்கினால் குறைந்தா போய்விடுவார்கள்?

சரி, ‘உள்ளேயிருந்து ஒளிர்வது’ எப்படி? அதற்குச் செதில்களிடம் போக வேண்டும். பெயின்ட் ஈரமாய் இருக்கும்போது அவை தாறுமாறாய் மிதக்கின்றன. கரைப்பான் ஆவியாக ஆவியாக அடுக்கு மேலிருந்து கீழாகச் சுருங்கி ஒவ்வொரு செதிலையும் படுக்க வைக்கிறது. காய்ந்து முடிந்ததும் கோடிக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள் அநேகமாக ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். குங்குமம் எல்லாத் திசைக்கும் ஒளியைப் பங்கு போடுகிறது. இவை ஒரு பக்கம் மட்டுமே வாரிக் கொடுக்கின்றன. சூரியனை நோக்கி வளைந்த இடம் தணலாய் எரியும், ஒரு சாண் தள்ளி அதே மட்கார்டு கருஞ்சிவப்பில் ஆழ்ந்துவிடும். சரிவாகப் பார்க்கும்போது ஒளி சாய அடுக்கைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருப்பது இன்னொரு காரணம். 60 டிகிரி சாய்வில் நுழையும் ஒளிக்குப் பாதை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீள்கிறது. இலவசமாய் இன்னும் ஒரு கோட் அடித்த மாதிரி. வளைவுகள் தம் ஓரங்களைத் தாமே மை தீட்டிக்கொள்கின்றன! ஈயத்தை இழைத்து இழைத்து உருட்டிய உடல்களுக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் இருக்க முடியாது.

அடிப்பூச்சு வெள்ளியா பொன்னா என்பதும் சாதாரண விஷயமில்லை. பொன்னிறம் தன் பங்குக்கு நீலத்தை விழுங்கிவிடும், மேலே இருக்கும் சிவப்பு சூடேறித் தணலாகும். வெள்ளியின் மேல் அதே சிவப்பு கொஞ்சம் ரோஜாப் பக்கம் சாயும். நம் கோயில் நகை செய்பவர்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கெம்புக் கல்லின் முதுகை மூடி, அடியில் பளபளக்கும் ரேக்கை வைத்துப் பதிக்கிறார்களே, அதே இயற்பியல்தான். மேடையில் நாட்டியக்காரியின் நெற்றிச்சுட்டி தள்ளியிருக்கும் வரிசைக்கும் மின்னுவது கல்லால் மட்டுமல்ல.

காகிதத்தில் இந்த வண்டிகளை வரைபவர்களுக்கும் இதே வித்தைதான். நீர்வண்ணத்தில் வெள்ளைத்தாள் கண்ணாடியின் வேலையைச் செய்கிறது. மெல்லிய சிவப்பைக் காயவைத்துக் காயவைத்து மேலே மேலே ஏற்றுவார்கள், ஒளிர வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். வெள்ளை பெயின்ட்டைத் தொட்டு வைத்தால் அந்த இடம் செத்துவிடும். குரோம் பம்பருக்கு வேறு சூத்திரம்: மேல் பாதியில் வான நீலம், நடுவில் அடிவானமாக ஒரு கருங்கோடு, கீழே பாலைவனப் பழுப்பு. குரோமுக்குச் சொந்த நிறம் ஏது? அது நிற்கிற ஊரைத்தான் வரைகிறார்கள்.

பச்சைக் கேண்டியும் உண்டு, அழகாகவே இருக்கும். ஆனால் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் பச்சைக் கார் ஆகாது என்று பல காலம் நம்பினார்கள். அந்த ஊரையும் ராசி நிறம் விட்டுவைக்கவில்லை. கார் வாங்குமுன் ஜோசியரிடம் நிறம் கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வெள்ளைக் கார் வெயிலில் குறைவாகச் சூடாகும், அதற்கு ஜாதகம் வேண்டாம். கேண்டிக்கு நிஜமான கண்டம் ஒன்று உண்டு, புற ஊதாக் கதிர். சாய மூலக்கூறுகள் வெயிலில் உடைந்து நிறம் வெளுத்துவிடும். இன்றைய கிளியர் கோட்டுகளில் புற ஊதாவை உறிஞ்சும் பொருள் சேர்த்தும், இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் ஷெட்டை விட்டு அதிகம் எடுப்பதில்லை.

வாசகியின் பொம்மைக்கும் இதே கதைதான். ஹாட் வீல்ஸ்காரர்கள் அதற்கு ஸ்பெக்ட்ராஃபிளேம் என்று பெயர் வைத்தார்கள். செதில் அடிப்பூச்சுகூடக் கிடையாது, மினுக்கிய உலோக உடலே கண்ணாடி, அதன்மேல் ஒளி ஊடுருவும் சாயப்பூச்சு.

நம்பிக்கை வரவில்லையென்றால் சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை நீவி ஒரு அட்டையில் ஒட்டுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம். இரண்டின் மேலும் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றி, ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் மகன் இரண்டு வாரம் விளையாடட்டும். சக்கரத்துக்கு மேலே, மொசைக் தரையில் உரசி பெயின்ட் உதிர்ந்த இடத்தில் வெள்ளி எட்டிப் பார்க்கும்.