ஒரே திரவம், இரண்டு புட்டிகள்

நுகர்பொருள்களைச் சோதிக்கும் எங்கள் தொழிலில், மாதிரிகளுக்கு அ, ஆ என்றோ 1, 2 என்றோ பெயர் வைப்பதில்லை. வரிசையில் முந்தியதை உயர்ந்தது என்று மனம் எண்ணிக்கொள்ளும் என்பதால், 417, 862 என்பதுபோல எந்தப் பொருளும் தராத மூன்று இலக்க எண்களையே ஒட்டுவோம். எந்த மாதிரி முதலில் கைக்குப் போகிறது என்பதையும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே இருப்போம். சில சமயம் இரண்டு புட்டிகளிலும் ஒரே திரவத்தை ஊற்றி வைப்பதும் உண்டு. எங்கள் கேள்வித்தாளே இல்லாத வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறதா என்று எங்களை நாங்களே சோதித்துக்கொள்ளும் முறை அது.

அப்படி ஒருமுறை கைகழுவும் திரவம் ஒன்றைச் சோதித்தபோது, பங்கேற்ற ஒரு பெண்மணி இரண்டையும் பொறுமையாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “417 வழவழப்பாக நிற்கிறது. 862 சட்டென்று கழுவிப் போய்விடுகிறது, காய்ந்த பிறகு தோல் இழுக்கிறது.” இரண்டும் ஒரே கேனிலிருந்து ஊற்றியவை. அடுத்த சுற்றில் அதே திரவத்தை, ஒன்றைக் கனமான பம்ப் வைத்த புட்டியிலும் மற்றதை மெல்லிய பிளாஸ்டிக் புட்டியிலும் வைத்துக் கொடுத்தோம். இம்முறை பம்ப் வைத்த புட்டிதான் வழவழப்பாக இருந்தது; மற்றதில்தான் தோல் இழுத்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் அப்படித்தான் பட்டது.

மதிப்பு, தரம் என்று நாம் பேசும்போது வழக்கமாக ஒரு வரிசையை நம்புகிறோம். முதலில் பொருளை அனுபவிக்கிறோம், அதிலிருந்து தரத்தை அறிகிறோம், அதன்பின் விலை தகுமா என்று முடிவு செய்கிறோம் என்பது அந்த வரிசை. இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் எனக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. பெரும்பாலான நேரங்களில் விலையும் பெயரும் புட்டியும் முதலில் உள்ளே நுழைகின்றன. அவை போட்டுவைத்த பாதையில்தான் அனுபவம் நடந்து வருகிறது. “நானே பயன்படுத்திப் பார்த்தேன்” என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் மரியாதையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

2008-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாகச் சிறிது சிறிதாக ஒயின் கொடுத்தார்கள். 90 டாலர் ஒயினையே ஒருமுறை 90 டாலர் என்றும் இன்னொருமுறை 10 டாலர் என்றும், 5 டாலர் ஒயினை 5 என்றும் 45 என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியபோது சுவையும் கூடியதாக அவர்கள் சொன்னது வியப்பில்லை. இன்பத்தை உணர்வதோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது என்பதுதான் அந்த ஆய்வின் புதுமை. சில வாரங்கள் கழித்து விலையைச் சொல்லாமல் அதே ஒயின்களைக் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போயிற்று.

அதே ஆண்டில் வெளியான இன்னொரு சோதனை இதைவிட என்னைத் தொந்தரவு செய்தது. 82 பேருக்கு லேசான மின்னதிர்ச்சி கொடுத்து, வலி நிவாரணி என்று சொல்லி மருந்தே இல்லாத மாத்திரை ஒன்றைத் தந்தார்கள். மாத்திரையின் விலை 2.50 டாலர் என்று கேட்டவர்களில் 85.4 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. 10 சென்ட்டாகக் குறைக்கப்பட்டது என்று கேட்டவர்களில் 61 சதவீதத்தினருக்குத்தான் குறைந்தது. என் தொழிலில் உள்ள பலர் இதைக் கையில் வைத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, விலையும் மருந்தின் ஒரு பகுதிதான்” என்று வாதிடுவார்கள். பாதி உண்மை. உணர்ச்சி சார்ந்த இடங்களில் வாங்குபவருக்குக் கிடைக்கும் நிறைவு பொய்யல்ல. ஆனால் கிருமியைக் கொல்வது, தீப்பிடிக்காமல் இருப்பது, குழந்தையின் உடலுக்குக் கேடு செய்யாமல் இருப்பது போன்ற தரங்கள் புட்டியின் கனத்தால் கூடுவதில்லை. அந்த இடங்களில் நிறைவான உணர்வு நம்மைத் தூங்கவைத்துவிடும்.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பார்கள். உண்மைதான், பூவின் தரம் வாங்குவதற்கு முன்பே மூக்குக்கு எட்டிவிடும். வேறு சில பொருள்களின் தரம் பயன்படுத்திய பிறகே தெரியும். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தி முடித்த பிறகும் அதன் தரம் நமக்குத் தெரியாது. இந்த மூன்றாம் வகையை 1973-இல் டார்பி, கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். பழுது பார்த்தவர் மாற்றிய உதிரிப்பாகம் உண்மையிலேயே மாற்ற வேண்டியதுதானா, விழுங்கிய ஊட்டச்சத்து மாத்திரை ஏதாவது செய்ததா என்பவை அத்தகையவை. எங்கே நம்மால் நேரடியாக அளக்க முடியவில்லையோ, அங்கேதான் விலை, பெயர், கூட்டம், அட்டையின் பளபளப்பு ஆகியவை தரத்தின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. என் பார்வையில், செய்தியும் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைப் பண்டமே.

செய்திக்கு வருவதற்கு முன் என் தொழிலுக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். 1985 ஏப்ரல் 23 அன்று கோகோ-கோலா நிறுவனம் தன் பழைய சுவையை மாற்றிப் புதியதை அறிவித்தது. அதற்கு முன் ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தியிருந்தார்கள். அவற்றில் புதிய சுவையே முந்தியது. ஆனாலும் எதிர்ப்பு தாங்காமல் 79 நாள்களில், ஜூலை 11 அன்று, பழையதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவிக்க நேர்ந்தது. பெயரை மறைத்து நடத்தும் சோதனை நாக்கு சொல்வதைச் சரியாகவே சொன்னது. மக்கள் வாங்கிக்கொண்டிருந்தது நாக்கு மட்டும் அறியும் ஒன்றல்ல என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. லேபிளை மூடினால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்று எங்களில் யாராவது மார்தட்டினால் இந்தக் கதையை நினைவுபடுத்துவேன்.

விளையாட்டில் இந்தச் சிக்கல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்கோர் போர்டு இருக்கிறதே, ஓடியவன் ஓடினான், தோற்றவன் தோற்றான் என்பது அவர்கள் வாதம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. 1995-இல் ஸ்டா, ஹோங் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தத் தேர்வு வரிசையையும் பின்னாளில் வீரர்கள் ஆடிய நேரத்தையும் ஒப்பிட்டார்கள். அடித்த புள்ளிகள், காயம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், முன்வரிசையில் தேர்வானவர்கள் கூடுதல் நேரம் களத்தில் இருந்தார்கள், கூடுதல் ஆண்டுகள் நீடித்தார்கள். ஆட்டத்தைத் தினமும் கண்ணெதிரே பார்க்கும் பயிற்சியாளரின் கண்ணிலும் பழைய விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தது.

நடுவர்களும் விலக்கல்ல. ஜிம்னாஸ்டிக்ஸில் அணியின் சிறந்த வீரரைக் கடைசியில் இறக்குவது வழக்கம். ஒரே ஆட்டத்தின் வீடியோவை முதல் ஆளாகவும் ஐந்தாம் ஆளாகவும் வைத்து நடுவர்களுக்குக் காட்டிய 1999 ஆய்வில், ஐந்தாம் இடத்தில் வந்தபோது அதே உடல், அதே அசைவு கூடுதல் மதிப்பெண் பெற்றது. கால்பந்தில் 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் பதிவைக் காட்டினார்கள். கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தவர்கள், ஒலியில்லாமல் பார்த்தவர்களைவிடச் சொந்த மண்ணில் ஆடிய அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்களையே கொடுத்தார்கள். 2002-இல் வெளிவந்த முடிவு இது. அதே 2002 பருவத்தில், பேஸ்பாலில் ஓக்லண்ட் அணி வீரனின் கட்டுடலையும் வீச்சின் அழகையும் பெரிதாக எண்ணாமல், எத்தனை முறை ஆட்டமிழக்காமல் முதல் தளத்தை எட்டுகிறான் என்ற சலிப்பூட்டும் கணக்கைப் பார்த்து ஆள் எடுத்தது. மிகச் சிறிய சம்பளப் பட்டியலோடு அது 103 ஆட்டங்களை வென்றது. பணத்தைக் கொட்டிய நியூயார்க் யாங்கீஸ் வென்றதும் அதே 103 தான்.

விளையாட்டிலிருந்து செய்திக்கு ஒரு பாலம் போட்டவர்கள் ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இருவர். 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகளுக்கிடையே நடந்த முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்களாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது, டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரு மடங்குக்கும் மேல். படச்சுருள் ஒன்றுதான். செய்தியிலும் இதையே 1985-இல் கண்டார்கள்: 1982-இல் பெய்ரூட்டின் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய அதே தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்த இஸ்ரேல் ஆதரவு மாணவர்களும் அரபு ஆதரவு மாணவர்களும், அவை தங்கள் தரப்புக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகவே சொன்னார்கள். “அந்தச் சேனல் ஒருதலைப்பட்சமானது” என்று நாம் சொல்லும்போது, சொல்வதில் எவ்வளவு சேனலைப் பற்றியது, எவ்வளவு நம்மைப் பற்றியது என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

விலையே சான்றாகிவிட்ட செய்திக்கு, 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் வெளியிட்ட ஹிட்லர் நாட்குறிப்புகளைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. அவற்றுக்காக அந்த இதழ் கொடுத்த தொகை ஏறத்தாழ 93 லட்சம் மார்க். அவ்வளவு பணம் கை மாறிய பின், போலியாக இருக்குமோ என்ற கேள்வியைக் கேட்பதே அலுவலகத்துக்குள் கடினமாகிவிட்டிருக்கும். அட்டையில் ஒட்டியிருந்த அலங்கார எழுத்துகள் ஹிட்லரின் பெயருக்குரிய ‘ஏ.எச்’ அல்ல, ‘எஃப்.எச்’. கையில் எடுத்தவர்கள் கண்ணெதிரே அது இருந்தது. ஆனால் என்ன இருக்க வேண்டுமோ அதையே கண்கள் வாசித்துக்கொண்டன. கையெழுத்து வல்லுநர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கத் தந்த ‘அசல்’ மாதிரிகளிலும் நாட்குறிப்புகளைப் போலியாக எழுதிய அதே மோசடிக்காரர் எழுதியவை கலந்திருந்ததால், இரண்டும் பொருந்தின. என் வேலையின் மொழியில் சொன்னால், இரண்டு புட்டிகளிலும் ஒரே திரவம். தாளிலும் ஏடுகளைத் தைத்துக் கட்டிய நூலிலும் போருக்குப் பிந்தைய காலத்துப் பொருள்கள் இருப்பதை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்து, மே 6 அன்று அவை போலி என்று அரசு ஆவணக் காப்பகம் அறிவித்தது.

இவ்வளவும் சொல்லும் நான் மட்டும் வெளியே நிற்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். அவ்வப்போது எனக்கு உதவும் சில பழக்கங்கள் உண்டு: எதை அளந்து முடிவு செய்யப்போகிறேன் என்பதைப் பொருளைப் பார்க்கும் முன்பே எழுதிவைப்பது, எழுதியவரின் பெயரை மூடிவிட்டு அறிக்கையைப் படிப்பது, எனக்குப் பிடிக்காத கட்சி இதையே சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்று கேட்டுக்கொள்வது. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்றும் என்பது 1977 முதலே சோதித்து நிறுவப்பட்ட ஒன்று என்பதால், ஒரு செய்தி எனக்கு ‘ஏற்கெனவே தெரிந்ததாக’ இருப்பதை அதன் தரமாக எண்ணாமலிருக்கவும் முயல்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் 30 பேரிடம் நடத்திய ஒரு முதற்கட்டச் சோதனையில் 19 பேர் புதிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அறிக்கையில் நான் “63.3 சதவீதம்” என்று எழுதினேன். அந்தத் தசமப் புள்ளிக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஒருவர் மனம் மாறினால் மூன்று சதவீதத்துக்கு மேல் சாய்ந்துவிடும் சிறு எண்ணிக்கை அது. அறிக்கை ஆழமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதை வைத்தேன். சில வாரங்களில் ஒரு நாளிதழில் “நுகர்வோரில் 63.3 சதவீதத்தினர்” என்று தலைப்பிட்டு அது வந்தது, 30 பேர் என்ற விவரம் எங்குமே இல்லை. அதைப் படித்தபோது, நானே எழுதிய எண் என்று தெரிந்திருந்தும், ஒரு நொடி அது உறுதியான செய்தியாகவே எனக்குத் தோன்றியது.

அதன்பிறகு சிறு சோதனைகளில் “30 பேரில் 19 பேர்” என்றுதான் எழுதுகிறேன். அப்படி எழுதிக் கொடுத்த முதல் அறிக்கை, “இன்னும் கொஞ்சம் துல்லியமாக இருந்தால் நன்றாக இருக்கும்” என்ற குறிப்போடு எனக்கே திரும்பி வந்தது.