சாக்ஸபோன் கலைஞரின் மூச்சு, காது, பல்

அமெரிக்க ஜாஸ் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1949-இல் முதல் இசைத்தட்டுப் பதிவுகளில் வாசித்தார். 2012-க்குப் பிறகு மேடை ஏறவில்லை. அறுபது ஆண்டுகளைத் தாண்டிய அந்த டெனர் சாக்ஸபோன் வாழ்க்கையை நிறுத்தியது பல்மனரி ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். ஜாஸ் உலகில் முதுமை வரை ஊதியவர்களைப் பற்றிப் பேசும்போது கற்பனை, ராகமாலை போல நீளும் தனி ஆவர்த்தனம், விரல் வேகம் என்றே பேச்சு போகிறது. ஊதுபவரை முதலில் கைவிடுவது பெரும்பாலும் விரல் அல்ல. காது, பல், நுரையீரல் மூன்றில் ஒன்றுதான் முந்திக்கொள்ளும். மூன்றுமே சத்தமில்லாமல் குறைபவை. அவை குறைவதை நெருக்கமாகக் காட்டிக்கொடுக்கும் இடம் பெரிய மேடையல்ல, நூறு பேர் உட்காரும் சிறிய கிளப்.

அப்படிப்பட்ட கிளப்புகளில் பெயர் பெற்றது நியூயார்க் கிரீன்விச் வில்லேஜில் இருக்கும் வில்லேஜ் வேன்கார்ட். மேக்ஸ் கார்டன் 1935-இல் தொடங்கியது. தெருவிலிருந்து படியிறங்கிப் போகவேண்டிய நிலவறை, ஆப்பு வடிவம், குறுகிய முனையில் மேடை, இருக்கைகள் 123. 1957 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, ரோலின்ஸ் அங்கே வாசித்ததை ரூடி வேன் கெல்டர் ப்ளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். ரோலின்ஸுக்கு அப்போது வயது 27. பியானோ கிடையாது, சாக்ஸபோன், டபுள் பாஸ், டிரம்ஸ் மட்டும். பகலில் பாஸில் டொனால்ட் பெய்லி, டிரம்ஸில் பீட் லா ரோக்கா. இரவில் பாஸில் வில்பர் வேர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். சுருதி பிடித்துத் தர பியானோ இல்லாத கச்சேரியில் ஊதுபவர் சும்மா நிற்கும் நேரம் குறைவு. மூச்சுக்கும் உதட்டுக்கும் ஓய்வு கிடைப்பது பாஸோ டிரம்ஸோ தனியாக வாசிக்கும்போதுதான். பக்கத்தில் எல்வின் ஜோன்ஸ் போன்ற பலத்த டிரம்ஸ் கலைஞர் இருந்தால் காதுக்கு அந்த ஓய்வும் இல்லை.

இனி காது தாங்கும் சத்தத்தின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் வரம்பு, ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு 15 நிமிடம். பலமாக ஊதும்போது சாக்ஸபோன் ஊதுபவரின் காதருகே 90-ஐத் தாண்டுவது சாதாரணம். டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலும் சேர்ந்தால் இன்னும் ஏறும். கிளப் வழக்கப்படி இரவுக்கு இரண்டு செட், செட்டுக்கு 75 நிமிடம் என்றால் மொத்தம் 150 நிமிடம். சராசரி 94 டெசிபல் என்று வைத்தால், ஒரே இரவில் அனுமதித்த அளவைப்போல இரண்டரை மடங்கு. வாரத்தில் ஆறு இரவு இப்படி. பகல் சாதகம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும். தாழ்ந்த கூரையும் நெருங்கிய சுவரும் உள்ள அறையில் அவ்வளவு இறங்காது. சுவர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆட்கள் நிறைந்த அறை சத்தத்தை ஓரளவு உறிஞ்சும், காலியான அறை உறிஞ்சாது. அதனால்தான் மாலை ஒத்திகையில் சரியாக வைத்த ஒலி அளவு, இரவு கூட்டம் வந்ததும் மந்தமாகப் படுகிறது. உடனே ஒருவர் ஏற்ற, அடுத்தவர் ஏற்ற, கடைசியில் எல்லாரும் கத்துகிறார்கள். ஒத்திகையில் ஏற்றாமல், முதல் பாட்டு முடிந்தபின் ஒருமுறை மட்டும் திருத்துவது நல்லது.

ரோலின்ஸ் 1959 முதல் 1961 வரை மேடையை விட்டு விலகி நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று மணிக்கணக்கில் சாதகம் செய்த கதை ஜாஸ் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். அக்கம்பக்கத்தாருக்கு, குறிப்பாகப் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்கு, தொந்தரவு வேண்டாம் என்றுதான் போனார். அதில் காதுக்கு ஒரு லாபமும் உண்டு: பாலத்தில் சுவர் இல்லை, ஊதிய ஒலி திரும்பி வராது. டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள பத்துக்குப் பத்து அறையில் சாதகம் செய்பவருக்கு நிலைமை நேர் எதிர். தரையில் கெட்டி ஜமக்காளம், எதிர்ச் சுவரில் பஞ்சு மெத்தையோ கனத்த திரையோ போட்டாலே அறை அடங்கும். சுவரைப் பார்த்து ஒரு அடி தூரத்தில் நின்று ஊதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

காதடைப்பான் போடச் சொன்னால் சாக்ஸபோன் கலைஞர்கள் மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மேல் முன்பற்கள் வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸ்மேல் அழுந்தியிருப்பதால், அதில் கட்டியிருக்கும் நாணல் பட்டையான ரீடின் அதிர்வு பல் வழியாக, தாடை எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகிறது. காதை வாயிலில் மட்டும் அடைத்தால் அந்த அதிர்வு உள்ளேயே சிக்கிப் பெருகும்; பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போலக் கேட்கும். மருந்துக்கடை நுரை அடைப்பானை அரைகுறையாகச் செருகிப் பார்த்துவிட்டு “இது எனக்கு ஒத்துவராது” என்று முடிவு செய்வது இதனால்தான். நுரை அடைப்பான் கீச்சு ஒலிகளை அதிகமாகவும் கனத்த ஒலிகளைக் குறைவாகவும் வெட்டுவதால் சிம்பல் செத்துப்போகும் என்பதும் உண்மை. தீர்வு, காதின் அச்சு எடுத்துச் செய்யும் இசைக்கலைஞர் அடைப்பான். காதுக்குழாயின் இரண்டாம் வளைவைத் தாண்டும் நீளத்துக்கு அச்சு எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவு ஆழமாக உட்கார்ந்தால் பானைச் சத்தம் பெரிதும் குறையும். சத்தத்தை 9, 15, 25 டெசிபல் குறைக்கும் வடிகட்டிகள் உண்டு. ஊதுபவர்களுக்கு 9-இல் தொடங்குவது நல்லது, டிரம்ஸ் பலமென்றால் 15. மேடையில் முதல்முறை போட்டுப் பார்க்காதீர்கள். வீட்டில் நீண்ட சுரங்கள், சுர வரிசைகள் ஊதி இரண்டு மூன்று வாரம் பழகிய பிறகே கச்சேரிக்குக் கொண்டுபோங்கள். அடைப்பானோடு ஊதும்போது சத்தம் போதவில்லை என்று கூடுதலாக அழுத்தி ஊதினால் உதடு புண்ணாகும்.

வருடம் ஒருமுறை கேட்புத்திறன் சோதனை செய்யும்போது 8000 ஹெர்ட்ஸ் வரை, இடையில் 3000, 6000 இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இரைச்சல் சேதம் முதலில் 3000-க்கும் 6000-க்கும் இடையில், பெரும்பாலும் 4000-இல், பள்ளமாகத் தெரியும். சிம்பல் எப்போதும் ஒரே பக்கம் நின்றால் அந்தக் காதில் பள்ளம் ஆழமாக இருக்கலாம்; மேடையில் இடத்தை மாற்றிக்கொள்ள அதுவே போதுமான காரணம். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் காத்திருக்கக் கூடாது. அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாள் கடந்தால் மருந்து வேலை செய்யும் வாய்ப்பு குறைகிறது.

மைக் பற்றி ஒன்று. சாக்ஸபோனின் ஒலி, அகன்று விரியும் முனையான மணிவாயிலிருந்து மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. மைக்கை மணிவாய்க்குள் நீட்டினால் அடி சுரங்கள் முழங்கும், நடு சுரங்கள் மெலியும். மெலிவதை ஈடுகட்ட ஊதுபவர் தானாகவே பலம் கூட்டுவார், இரண்டாவது செட்டில் களைத்துவிடுவார். மணிவாயின் விளிம்புக்குச் சற்று மேலே, சாவிகள் இருக்கும் உடல்பகுதியைப் பார்த்தபடி ஒன்றரை அடி தள்ளி வைத்தால் ஒலி சமமாக வரும். நூறு பேர் அறையில் மைக்கே இல்லாமல் ஊதுவது பல நேரம் மிகச் சிறந்தது.

பல். முன்பல் ஒன்று அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வாய்ப்பிடி மாறும், சுருதி மாறும். ஈறுநோய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிற விஷயம். பற்கள் நன்றாக இருக்கும் காலத்திலேயே அவற்றின் அச்சையோ முப்பரிமாணப் பதிவையோ எடுத்து வைத்துவிடுங்கள். பின்னாளில் பல் உடைந்தாலோ பிடுங்க நேர்ந்தாலோ அதே வடிவத்தில் பொருத்த மருத்துவருக்கு அதுதான் வழிகாட்டி. இதை இருபது வயதிலேயே செய்யலாம், யாரும் செய்வதில்லை. ஒவ்வாமை மாத்திரை, மனச்சோர்வு மருந்து சிலவற்றால் வாய் உலரும்; ஒரு மருந்து தொடங்கியதிலிருந்து ரீட் ஒட்டுகிறது, உதடு வெடிக்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்று கேளுங்கள்.

நாதசுரக்காரர்கள் சீவாளியைப் பார்த்துக்கொள்ளும் அக்கறை சாக்ஸபோன் ரீடுக்கும் வேண்டும். நாதசுரத்தில் தொடங்கி ஆல்டோ சாக்ஸபோனைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத்தைப் பார்த்து இங்கே பலர் இந்த வாத்தியத்துக்கு வந்தார்கள். சீவாளிப் பழக்கம் மட்டும் கூடவே வரவில்லை. எச்சில் ஊறிய நாணலை மவுத்பீஸிலேயே விட்டு, பெட்டியை மூடி, மறுநாள் அப்படியே வாயில் வைத்தால் பூஞ்சையை மூச்சில் இழுக்கிறோம். அந்தப் பூஞ்சைக்கு நுரையீரல் ஒவ்வாமையாக வீங்குவதை ‘சாக்ஸபோன் நுரையீரல்’ என்றே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அரிது, ஆனால் நாட்பட்டால் அதுவும் தழும்பில் முடியக்கூடும். ஊதி முடித்ததும் ரீடைக் கழற்றி, தண்ணீரில் அலசி, அடியிலிருந்து நுனி நோக்கித் துடைத்து, காற்றுப் படும் தட்டையான உறையில் வையுங்கள். நான்கு ரீடுகளை எண் போட்டு முறைவைத்து ஊதுங்கள். கறுத்தால், நுனி அலைபோல் வளைந்தால் தூக்கிப் போடுங்கள். மவுத்பீஸை வாரம் ஒருமுறை வெதுவெதுப்புக்கும் குறைந்த நீரில் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். வெந்நீர், மவுத்பீஸ் செய்யும் கெட்டி ரப்பரான எபோனைட்டைப் பச்சையாக்கிக் கெடுக்கும். சாக்ஸபோனின் கழுத்துக்குழாயும் கழுவ வேண்டிய பாகம்தான். உடலுக்குள் செருகும் நீளத் துடைப்பான் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் அதை உள்ளேயே விட்டு மூடினால் அதுவே பூஞ்சைப் படுக்கை.

மூச்சுக்கு வருவோம். நடுவயதுக்குப் பிறகு, முதல் நொடியில் வெளியேற்றும் காற்றின் அளவு நலமுள்ளவருக்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிலிட்டர் குறைகிறது. அனுபவசாலிகள் இதை அழகாகச் சமாளிப்பார்கள்: சொற்றொடரைச் சுருக்குவார்கள், மௌனத்தை நீட்டுவார்கள், கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் இழுக்கும் சுழல்மூச்சைப் பயன்படுத்துவார்கள். ரோலின்ஸும் சுழல்மூச்சில் தேர்ந்தவர். இந்தத் திறமைதான் நோயையும் மறைக்கிறது. அதனால் மாதம் ஒருமுறை சுழல்மூச்சு இல்லாமல், ஒரே நடுத்தர சுரத்தை, ஒரே பலத்தில், எத்தனை நொடி பிடிக்க முடிகிறது என்று நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். மூன்று மாதமாக இறங்கிக்கொண்டே போனால், சளியில்லாத வறட்டு இருமல் எட்டு வாரத்தைத் தாண்டினால், கிளப் படியேறும்போது முன்பில்லாத இரைப்பு வந்தால், நகநுனி உருண்டு பருத்தால், நுரையீரல் மருத்துவரிடம் போகும் நேரம் அது. முதுகின் அடிப்பகுதியில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கிறதா என்று அவர் பார்ப்பார். ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி, வாயுப் பரிமாற்றச் சோதனை, தேவையானால் நுண்ணிய சி.டி. ஸ்கேன் எடுப்பார்.

ஸ்பைரோமெட்ரி அறிக்கை ‘இயல்பு’ என்று வந்ததோடு நிம்மதியாகிவிட வேண்டாம். சராசரிக்கு மேலே இருந்தவர் நிறைய இழந்த பிறகும் இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கலாம். நாற்பது வயதில் எடுத்த பழைய அறிக்கை கையில் இருந்தால்தான் இழப்பு தெரியும். போகும்போது அந்த அறிக்கையையும் நொடிக்கணக்கு எழுதிய நாட்குறிப்பையும் கொண்டுபோங்கள். சாக்ஸபோன் வாசிப்பவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பயன்படுத்திய ரீடையும் மவுத்பீஸையும் கழுவாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பூஞ்சைச் சோதனை தேவைப்பட்டால் அங்கேயே கொடுத்துவிடலாம்.