தூணுக்குள் வீங்கும் கறள்

மட்டக்களப்பு நாவலடியில் கடலோரம் கைவிட்ட வீடு ஒன்றைப் பற்றி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சுனாமி அலைக்கே அசையாத எங்கட வீட்டுத் தூண் இப்ப ஆரும் தொடாமலே வெடிச்சு விழுது. கோட்டைச் சுவர் மட்டும் அப்பிடியே நிக்குதே, ஏன்?"

போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போன மட்டக்களப்புக் கோட்டை அது. கல்லும் சுண்ணாம்பும்தான், உள்ளே கம்பி இல்லை. அவருடைய தூணை உடைப்பது உள்ளே இருக்கும் கம்பியேதான்.

சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகும். அதனால் கொங்கிறீற்றின் உள்ளே பீஎச் 12.5க்கு மேல், அதாவது கடும் காரம். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் ஒன்று படியும். அது கெடாதவரை கறள் பிடிக்காது. காற்றின் காபனீரொட்சைட்டு மெல்ல உள்ளே இறங்கி இந்தக் காரத்தைக் குறைப்பது படலம் கெட ஒரு வழி. நம் கரையில் அதைவிட வேகமானது உப்பு.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதில் 19 கிராம் குளோரைட்டு. கூரை போன வீட்டில் வாடைக்காற்று மாரி தூணை நனைக்கும், கச்சான் அதைக் காயவைக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். அடுத்த மாரியில் அது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். நிலத்து ஈரத்தைத் தூண் திரிபோல உறிஞ்சுவதால் முழங்கால் உயரத்தில்தான் உப்பு அதிகம் சேரும். வெடிப்பும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கடற்கரை மணலைக் கழுவாமல் குழைத்த வீடென்றால் உப்பு முதல்நாளே உள்ளே இருந்திருக்கும்.

குளோரைட்டு கம்பியை அடைந்ததும் படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். இனி நடப்பதுதான் எனக்கு அலுக்காத வேதியியல். ஓட்டைக்குள் இரும்பு கரைந்து நேரேற்ற அயனாகிறது. அந்த ஏற்றம் இன்னும் குளோரைட்டை இழுக்கிறது. இரும்புக் குளோரைட்டு தண்ணீரோடு சேர்ந்ததும் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கிறது. குளோரைட்டோ செலவாவதே இல்லை! வேலை முடிந்ததும் விடுபட்டு, அடுத்த இரும்பு அணுவிடம் போகிறது. கொஞ்ச உப்பு முழுக் கம்பியையும் தின்பது இப்படித்தான்.

கரைந்த இரும்பு ஒட்சிசனைச் சந்தித்துக் கறளாகும்போது பழைய இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அழுத்தத்தைத் தாங்கும் கொங்கிறீற், இழுவையில் அதில் பத்தில் ஒரு பங்களவே தாங்கும். அதனால் தலைமயிர்ப் பருமனுக்கு இரும்பு கறளானாலே, கம்பி ஓடும் வழியில் நேர்கோடாக வெடிக்கும். வெடிப்பில் பழுப்பு நீர் வடியும். உள்ளே கறள் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரியும். இரவில் அந்த வீடுகளில் கல் விழும் சத்தம் கேட்டு பேய் எறிகிறது என்பார்கள். பகல் வெயிலில் விரிந்த கொங்கிறீற் மாலையில் சுருங்கும்போது, கறள் ஏற்கெனவே நெம்பிவிட்ட சில்லுகள் கழன்று விழும். இறந்தவர்களின் நினைவு தங்கிய இடங்களைப் பேய்க்கதையாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

கம்பிக்கு மேலுள்ள கொங்கிறீற் மூடல் இரட்டிப்பானால், உப்பு உள்ளே போக எடுக்கும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 20 மில்லிமீற்றருக்குப் பதில் 40 விட்டிருந்தால் கதையே வேறு. ஆனால் வேலைத்தலத்தில் கம்பிக்கு அடியில் சல்லிக்கல்லை முட்டுக்கொடுப்பார்கள். யாராவது மிதித்ததும் அது நழுவும், கம்பி பலகையில் போய் உட்காரும். சீமெந்துக் கட்டையைக் கம்பியோடு கட்டிவிட்டால் இது நடக்காது.

ஆய்வுகூடங்களில் மாதிரிக் கட்டைகளை உப்புத் தொட்டியில் சில மாதம் போட்டு முடிவு சொல்கிறார்கள். இங்கே 2004 முதல் உண்மையான கடற்காற்றில் நிற்கும் தூண்கள் இருக்கின்றன. ஒலுவிலில் பொறியியற் பீடமும் இருக்கிறது. இவற்றை இடித்துத் தள்ளுமுன் துளையிட்டுத் தூள் எடுத்து உப்பைச் சோதிக்கவாவது பணம் ஒதுக்க வேண்டும்.

பழைய தூணில் மறுபடி கட்ட நினைப்பவர்கள் முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே பிரிந்துவிட்டது. புதிதாக உடைத்த முகத்தில் பினோப்தலீன் என்ற காரங்காட்டித் திரவத்தைத் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. ஆனால் அது உப்பைக் காட்டாது. அதற்கு 10 மில்லிமீற்றருக்கு ஒரு தடவை துளைத்தூள் எடுத்துச் சோதிக்க வேண்டும். கம்பி ஆழத்தில் குளோரைட்டு சீமெந்து நிறையில் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து.

வெடித்த இடத்தை மட்டும் பூசினால் போதாது. கறள் பிடித்த துண்டு தானே கரைந்து பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சுத்தம் செய்து மூடியதும் அந்தக் காவல் போய்விடும், பூச்சின் ஓரத்தில் புது வெடிப்பு திறக்கும். பார்வைக்கு நல்லதாக இருந்தாலும் உப்பேறிய கொங்கிறீற் முழுவதையும், கம்பிக்குப் பின்புறம் விரல் நுழையும் அளவுக்கு, உடைத்தெடுக்க வேண்டும். பிறகு கறளைச் சுரண்டி விட்டத்தை அளந்து பாருங்கள். 12 மில்லிமீற்றர்க் கம்பி 10க்கு இளைத்திருந்தால் பலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விட்டது. அந்தத் தூணின் மேல் மாடி வேண்டாம்.