கூண்டைத் திறந்துவிட்டால் போதுமா?

1979-ல் வந்த இத்தாலியப் படம் ஒன்று. இதாலோ சிங்கரெல்லி இயக்கியது. தலைப்பே 'நான் நீர்யானைகள் பக்கம்' என்ற பொருளில் இருக்கும். ஆப்பிரிக்காவில் விலங்குகளைப் பிடித்து விற்கும் கும்பலை டெரன்ஸ் ஹில்லும் பட் ஸ்பென்சரும் புரட்டி எடுப்பார்கள். வில்லன் ஜோ பக்னர், முகமது அலியோடு இரண்டு முறை மோதிய நிஜக் குத்துச்சண்டை வீரர். ரத்தம் சிந்தாத அடிதடி என்பதால் குழந்தைகளோடு உட்கார்ந்து தாராளமாகச் சிரிக்கலாம்.

ஆனால் வனவிலங்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இந்த மாதிரிப் படங்களில் ஓர் உறுத்தல் உண்டு. ஜீப்பில் துரத்திப் பிடித்த விலங்கைத் திறந்துவிட்டால் அது துள்ளி ஓடிவிடும், எல்லாம் சுபம் என்று காட்டுவார்கள். வரிக்குதிரையையும் மானினங்களையும் அப்படித் துரத்தினால், ஓட்டமும் பயமும் சேர்ந்து தசைகளைச் சிதைத்துவிடும். சிதைந்த தசையிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். முதல் அறிகுறி விறைத்த நடை. அடுத்தது காபி நிறத்தில் சிறுநீர். சில மணி நேரத்திலும் சாகலாம், பிழைத்தது என்று நினைத்த விலங்கு பல நாள் கழித்தும் சாகலாம். இது வந்தபின் சிகிச்சையால் பெரிதாக எதுவும் ஆவதில்லை. அதனால் துரத்தலைச் சில நிமிடங்களோடு நிறுத்திவிட வேண்டும், அதுவும் வெயில் ஏறும் முன்.

மயக்க ஊசியும் திரையில் காட்டுவதுபோல வேலை செய்யாது. பட்டதும் விலங்கு சுருண்டு விழாது. பல நிமிடங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் நீர்யானை ஓடுவது தண்ணீரை நோக்கி. மயங்கியபடி ஆற்றில் இறங்கினால் மூழ்கிச் சாகலாம். தோல் தடிப்பானது என்பதால் குட்டை ஊசி மருந்தை உள்ளே சேர்க்காது. மருந்து சேர்ந்தாலோ மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து. பெரிய விலங்குகளுக்குப் பயன்படும் எடார்ஃபின் மருந்து 1960-களில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில் வெள்ளைக் காண்டாமிருகங்களை மீட்டபோது பேர் பெற்றது. ஒரு காண்டாமிருகத்துக்குச் சில மில்லிகிராமே போதும் என்றால் மனிதத் தோலில் ஒரு துளி பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கையுறை, முகக் கவசம் இல்லாமல் யாரும் ஊசியை நிரப்புவதில்லை. மனிதருக்கான முறிவு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தனியாளாக இந்த வேலைக்குப் போகவே கூடாது.

விழுந்தபின் வேலை இன்னும் கூடும். கண்ணைத் துணியால் கட்ட வேண்டும், காதில் பஞ்சு அடைக்க வேண்டும். அசைபோடும் விலங்கைப் பக்கவாட்டில் படுக்க விட்டால் வயிறு உப்பி, மேலே வந்த தீனி நுரையீரலுக்குள் போய்விடும். நெஞ்சு தரையில் படும்படி உட்கார்த்தி, தலையை உயர்த்தி, மூக்கைக் கீழ்நோக்கிப் பிடிப்பார்கள். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மயக்கம் தெளியும் மருந்தைப் போட்டுவிட வேண்டியதுதான், வேலை பாதியில் நின்றாலும் சரி. லாரியில் ஏற்றும்போது கொம்புகள் ஒன்றையொன்று குத்தாமல் இருக்கப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை மாட்டுவதுண்டு. இத்தனையும் ஒரு நகைச்சுவைப் படத்தில் காட்ட முடியுமா என்றால் முடியாது, ஒத்துக்கொள்கிறோம்.

எங்கே விடுவது என்பதிலும் சிக்கல் உண்டு. வளர்ந்த ஆண் நீர்யானைக்கு ஆற்றில் தனக்கென ஓர் எல்லை இருக்கும். அதற்குள் இன்னோர் ஆணைக் கொண்டுபோய் இறக்கினால் இரண்டில் ஒன்று குதறப்படும். கோமாரி போன்ற நோய்கள் பரவும் என்பதால் தென்னாப்பிரிக்காவில் சில விலங்குகளை அனுமதி இல்லாமல் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நகர்த்தவே முடியாது.

படத்தைப் பார்த்துவிட்டு கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ சஃபாரி கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர்யானை வாயைப் பிளப்பதைக் கொட்டாவி என்று நினைத்து செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள், பெரும்பாலும் அது மிரட்டல். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையை வைத்துக்கொண்டு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உங்களால் முந்த முடியாது. இரவில் புல் மேயக் கரையேறி, விடியுமுன் அதே தடத்தில் திரும்பும். ஆற்றங்கரைப் புல்லில் நடுவில் மேடும் இருபுறம் பள்ளமுமாகத் தேய்ந்த பாதை தெரிந்தால் அங்கே கூடாரம் போடாதீர்கள். அந்தி சாய்ந்தபின் விலங்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். முகாமில் டார்ச்சோடு காவலாளி வந்து அழைத்துப் போகும்வரை கழிப்பறைக்குக்கூடத் தனியாக இறங்க வேண்டாம்.